எதிரே வந்த குடம்

தர்மபுரம்,
17.6.1962

அன்புள்ள மச்சாள் இராசமலருக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்தை நான் கேட்கத் தேவையில்லை. உன் அம்மா வாய்க்கால் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறா. "எங்கட மலருக்கு வவுனியாவிலை மேசை, கதிரை, தலைக்கு மேலை சுத்துற காத்தாடி" என்று நேற்றும் எங்கள் வேலியில் நின்று ஒரு மணித்தியாலம் கதைத்தா. என் அம்மா உலையை மறந்துபோய்க் கேட்டுக்கொண்டு நின்றா. அன்றைக்குச் சோறு அடிப்பிடித்தது. அதையும் நான்தான் தின்றேன்.

எனக்குச் சந்தோசம். எழுதிவிட்டேன், நீ நம்பித்தான் ஆகவேண்டும்.

நெல் ஆலைக் கந்தோரில் ஒரு வேலை, ஒரு கதிரை. அதற்கு நாற்பத்துமூன்று பேர். அதில் இரண்டு பேர் ஒரே ஒழுங்கையில் இருந்து, ஒரே வாங்கில் இருந்து எஸ்.எஸ்.சி. படித்தவர்கள். இன்ரவியூ அன்றைக்கு விடிய முதல் பஸ்ஸில் சேர்ந்து போவோம் என்று நீ கேட்டாய். நான் மாட்டேன் என்றேன். ஒரே கதிரைக்குப் போகிற இரண்டு பேர் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து எதைக் கதைப்பது?

என் முழிவியளம் நல்லது, என் முகத்தில் முழித்தால் காரியம் பலிக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறதே, அதுதான் எனக்குக் கிடைத்த ஒரே சேர்டிபிக்கேற். விதைக்கப் போகிறவன், வழக்குக்குப் போகிறவன், ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் எல்லாருக்கும் வாசலைக் கடக்கும்போது நான் எதிரே வரவேண்டும். இன்ரவியூவுக்கு முதல்நாள் உன் அம்மா வந்து, "பிள்ளை விமலா, விடிய மலர் வெளிக்கிடேக்கை ஒரு குடம் தண்ணியோடை எதிர்ப்பட்டுவிடு" என்று சொல்லிவிட்டுப் போனா. நானும் அடுத்த பஸ்ஸில் அதே இன்ரவியூவுக்குப் போகிறேன் என்று மாமிக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் கேட்டா. நானும் வந்தேன். உனக்கு வேலை கிடைத்தது.

எனக்கு யார் எதிரே வந்தது தெரியுமா? மல்லாவி வீரகத்தியர். சைக்கிளில், புகையிலைக் கட்டோடு. வந்தவர் நேரே போகாமல் இறங்கி நின்று, எங்கே பயணம் என்றும் கேட்டார். போகிற பயணத்தை எங்கே என்று கேட்டால் அது உருப்படுமா?

என்னைக் கூப்பிடும்போது பின்னேரம் மூன்று மணி. மனேஜர் என் சேர்டிபிக்கேற்றுகளைத் தொடவும் இல்லை. முன் அனுபவம் உண்டோ என்றார். இல்லை என்றேன். சரி பிள்ளை, அறிவிப்பம் என்றார். வேலை தந்தால்தானே அனுபவம் வரும்? அனுபவம் இருந்தால்தான் வேலையாம். நீந்தத் தெரிந்த பிறகுதான் குளத்தில் இறங்கலாம் என்கிற கதை.

உனக்கு மட்டும் என்ன அனுபவம் இருந்தது? உன்னிடம் என்ன கேட்டார்கள்? ஒளிக்காமல் எழுது.

விமலேஸ்வரி


வவுனியா,
1.7.1962

அன்பு மச்சாள் விமலாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு இடத்தில் குத்தியது.

காத்தாடி மனேஜர் தில்லைநாதனின் அறையில்தான் சுத்துகிறது. என் மேசை பின்பக்கத்து யன்னலோடு. யன்னலுக்கு வெளியே உமிக் குவியல். காற்று அடித்தால் எழுதின கடதாசியில் உமித்தூசு, மை காயமுதல் ஒட்டிக்கொள்கிறது. எனக்கு நேர் எதிர் மேசையில் பரமலிங்கத்தார் என்ற பழைய எழுத்தர். இருபது வருசம் அந்தத் தூசைக் குடித்து, ஒரு வரி எழுதி ஒரு தரம் இருமுகிறார். லொறிகளில் ஏறுகிற சாக்குகளுக்கு ரசீதுத் துண்டு எழுதுவது என் வேலை. இரண்டு விரலால் ரைப் அடிக்கவும் பழகுகிறேன். நான் தங்கி இருக்கிறது றோசம்மா அக்கா வீட்டில். முல்லைத்தீவுக் கடற்கரை ஆக்கள். அன்பான மனுசி. ஆனால் நான் சோற்றில் கை வைத்தவுடன் உங்கள் வீட்டுக் குசினி ஞாபகம் வருகிறது.

என்னிடம் என்ன கேட்டார்கள் என்று கேட்டாய். ஒளிக்கவில்லை. உன்னைத் தவிர வேறு ஒருவருக்கும் எழுதவும் இல்லை.

என்னையும் அனுபவம் உண்டோ என்றார்கள். ஒரு கணக்குத் தந்தார்கள், செய்தேன். ஒரு கடிதம் சொல்ல எழுதினேன். பிறகு மனேஜர் பேனையை மூடி வைத்துவிட்டு, "பிள்ளைக்குக் கலியாணம் ஏதும் பேசி இருக்கோ?" என்றார். பழக்கி எடுக்கிற பெட்டையள் ஆறு மாதத்தில் தாலி கட்டிக்கொண்டு போய்விடுகிறார்களாம்.

நான் இல்லை என்றேன். சொன்னவுடன் நாக்கு வறண்டுபோயிற்று. பத்து வயதிலிருந்து உன் அண்ணா பாலன் அத்தானுக்கு நான் என்று எல்லோரும் சொல்லி வளர்ந்தவள், ஒரு கதிரைக்காக இல்லை என்றேன். அதோடு அவர் விடவில்லை. மூன்று வருசத்துக்குக் கலியாணம் செய்யமாட்டேன் என்று கடதாசியில் எழுதி வாங்கினார். சாட்சிக்கு மூன்று பேர் கையெழுத்து வைத்தார்கள். ஒருவர் மனேஜர், ஒருவர் பரமலிங்கத்தார், மற்றது முற்றத்தில் நின்ற லொறிச் சாரதி. அவன் கை எண்ணெயைச் சாரத்தில் துடைத்துவிட்டு வந்து வைத்தான்.

இது அம்மாவுக்கும் தெரியாது. தைப்பொங்கலுக்கு வந்து அத்தானிடம் என் வாயாலேயே சொல்லுவேன். மூன்று வருசம் அவர் பொறுப்பார். வேறு யாரும் முந்திச் சொன்னால் அது வேறு கதையாகிவிடும். உன்னை நம்பித்தான் எழுதுகிறேன்.

நீ என்னைப் பார்த்து எரிகிறாய். நான் இங்கே உமிக் குவியலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன், நீ அங்கே விடிந்தால் அத்தானுக்குத் தேத்தண்ணி கொடுக்கிறாய். எனக்கு எரியாதா?

இராசமலர்


தர்மபுரம்,
29.7.1962

மச்சாளுக்கு,

அண்ணாவுக்குத் தேத்தண்ணி கொடுப்பது அப்படிப் பெரிய பாக்கியம் என்று எனக்கு இதுவரை தெரியாது. நீ வந்து கொடு. நான் அந்த உமிக்குப் பக்கத்தில் போய் இருக்கிறேன்.

பதினோராம் திகதி கிளிநொச்சியில் இன்னொரு இன்ரவியூ. இது ஐந்தாவது. அறுபது பேருக்கு இரண்டு வாங்கு. விடிய ஏழு மணியிலிருந்து நின்றேன், கொண்டுபோன பிட்டு புளித்துப்போயிற்று. உள்ளே மூன்று பேர். ஒருவர் சிங்களம் வாசிக்கத் தெரியுமோ என்றார். மற்றவர் தையல் தெரியுமோ என்றார். மூன்றாமவர் எந்த வாய்க்கால், யாருடைய பிள்ளை, கொப்பர் எலெக்சனில் யாருக்கு வேலை செய்தவர் என்றார். வேலையோ சாக்குகளை எண்ணித் துண்டு எழுதுவது. அதற்குள் ஒருத்தி மட்டும் செருப்பைக் கழற்றாமல் உள்ளே போய், சிரித்துக்கொண்டு வெளியே வந்தாள். என்ன கேட்டவை என்று கேட்டேன். "எனக்கு முதலே சொல்லிப் போட்டினம், இது சும்மா ஒழுங்குக்கு" என்றாள். கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி விடான் என்பார்கள். இங்கே வரம் முழுக்கப் பூசாரியின் வீட்டுக்குள்தான்.

இப்போது என் கதையைக் கேள். வீரகத்தியர் அன்றைக்கு எங்கே பயணம் என்று சும்மா கேட்கவில்லையாம். பெண் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். மல்லாவியில் கடை. வயது நாற்பத்தொன்று. முதல் மனுசி செத்து இரண்டு வருசம், இரண்டு பிள்ளைகள். அப்பா ஓம் சொல்லுகிற முகத்தோடு இருக்கிறார். அரசாங்கம் தந்த குடியேற்றக் காணியை ஒரு பெயருக்குத்தான் எழுதலாம், அது அண்ணாவின் பெயர். எனக்கு என்ன இருக்கிறது? "உத்தியோகம் பாக்கிற பிள்ளையெண்டால் பொறுக்கலாம். வீட்டிலை குந்தியிருக்கிற பிள்ளையை எத்தினை நாளைக்கு வைச்சிருக்கிறது? தையிலை முடிச்சுப்போட்டு விடுவம்" என்கிறார். ஆகவே மலர், எனக்கு வேலை என்பது உன் அம்மா சொல்லுகிற காத்தாடி இல்லை. தைக்கு முதல் ஒரு கந்தோரில் எனக்கு ஒரு கதிரை இல்லையென்றால், மல்லாவியில் இரண்டு பிள்ளைகளுக்கு நான் சின்னம்மா.

உனக்கு வேலையும் இருக்கிறது, காத்திருக்க அண்ணாவும் இருக்கிறார். இரண்டும் உனக்கு. சோதினையில் எப்போதும் உன்னைவிட ஐந்து புள்ளி கூட எடுத்தவள் நான். வயிறு எரிகிறது. எரியவில்லை என்று பொய் சொல்ல எனக்கு வராது.

உன் கடிதத்தை அலுமாரியில் வைத்திருக்கிறேன். பயப்படாதே. உங்கள் கந்தோரில் இன்னொரு இடம் வந்தால் எழுது.

விமலா


வவுனியா,
4.11.1962

விமலேஸ்வரிக்கு,

தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீ வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் போய் மாட்டுக்குத் தண்ணி வைத்துக்கொண்டு நின்றாய். ஒரு மாட்டுக்கு அரை மணித்தியாலம் தண்ணி வைத்தாய். அத்தான் வயலில் என்றார்கள். அவருடைய சைக்கிள் முற்றத்தில் நின்றது. நான் வயலுக்குப் போகவில்லை, வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்க்கவில்லை.

மாமி எனக்குக் கதிரை போட்டா. இத்தனை வருசத்தில் உங்கள் வீட்டில் எனக்கு யாரும் கதிரை போட்டதில்லை. நான் நேரே குசினிக்குள் போகிறவள். கதிரையைப் போட்டுவிட்டு மாமி சொன்னது இது: "மூண்டு வருசத்துக்குத் தாலி வேண்டாமெண்டு எழுதி, லொறிக்காரனிட்டையும் கையெழுத்து வாங்கின பிள்ளை. நாங்கள் ஏன் அந்தப் பிள்ளையை மறிக்க வேணும்?" கார்த்திகையில் அத்தானுக்கு விசுவமடுப் பெண் இராசேஸ்வரியோடு கலியாணம் என்றும் சொன்னா. பலகாரம் எடு பிள்ளை என்றா. எடுத்தேன். மரியாதைக்கு ஒன்றைத் தின்றேன்.

கடதாசிக் கதையை மாமிக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு ஏதும் தெரிந்தால் எழுது.

இராசமலர்


தர்மபுரம்,
25.11.1962

மச்சாள் மலருக்கு,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. ஆறு தரம் எழுதத் தொடங்கிக் கிழித்தேன்.

அண்ணாவின் கலியாணம் முடிந்துவிட்டது. நீ வராதது நல்லது. கதை வெளிவந்தபோது அண்ணா மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் சாப்பிட்டார். இதற்கு மேல் அவரைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

யார் சொன்னார்கள் என்று கேட்டாய். வவுனியாவுக்கு எத்தனையோ லொறி போய் வருகிறது. சாரதிமாருக்கு வாய் இல்லையா?

ஆனால் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தால் எனக்குத் தலை வெடித்துவிடும். அன்று விடிய உனக்கு எதிரே வந்தேனே, அந்தக் குடத்தில் தண்ணீர் இல்லை. வெறுங்குடம்.

கிணற்றடிக்குப் போனது உண்மை. வாளியை இறக்கியது உண்மை. இறக்கும்போது உன் புதுச் சீலையை நினைத்தேன். மாமி என்னைக் கேட்ட விதத்தை நினைத்தேன். என் முழிவியளத்தை எனக்கே எதிராக எடுத்துக்கொண்டு போகிறார்களே என்று நினைத்தேன். வாளியை அப்படியே விட்டுவிட்டு, குடத்தை இடுப்பில் வைத்துப் பாரம்போலச் சரிந்து நடந்து வந்தேன். உன் அம்மா வாசல் படலையில் நின்று கும்பிட்டா. உனக்கு வேலை கிடைக்கக்கூடாது என்றுதான் வந்தேன். வெறுங்குடத்தைப் பார்த்துப் போனவளுக்கு வேலை கிடைத்தது. என்னை நல்ல முழிவியளம் என்று ஊர் இன்னும் கூப்பிடுகிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இதைவிடப் பெரிய பாவம் நான் செய்ததில்லை. மன்னித்துக்கொள்.

வீரகத்தியர் வீட்டார் தை பதினெட்டுக்கு நாள் பார்த்துவிட்டார்கள். என்னை அவர் இரண்டாம் தரமும் பார்க்க வந்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோனேன். பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தார். சின்னவள் என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்தக் குழந்தைமேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மலர், எனக்கு இருபது வயது.

உங்கள் கந்தோரில் ஏதும் இடம் வந்ததா?

விமலா


வவுனியா,
9.12.1962

விமலேஸ்வரிக்கு,

குடம் வெறுங்குடம் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

பத்து வருசமாக நீ தண்ணீர் கொண்டு வருவதைப் பார்த்தவள் நான். நிறைகுடம் என்றால் உன் இடுப்புப் பக்கம் சீலை நனைந்திருக்கும், ஒழுங்கையில் சொட்டுச் சொட்டாக வரும். அன்று உன் சீலையில் ஈரம் இல்லை, மண்ணிலும் ஈரம் இல்லை. சகுனம் பிழைத்தால் திரும்பிப் போய், கொஞ்சம் இருந்து, ஒரு மிடறு தண்ணி குடித்துவிட்டுப் புறப்பட வேண்டும் என்பார்கள். திரும்பியிருந்தால் பஸ் போயிருக்கும். அம்மாவிடம் சொல்லியிருந்தால் உன்னை ஊர் முழுக்க இழுத்திருப்பா. ஆகவே உன்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நடந்தேன். பரந்தன் சந்தி வரை அழுதுகொண்டு போனேன். பிறகு முகம் கழுவினேன். அந்தக் குடத்தை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். இன்ரவியூவுக்குப் போகிற எவளுக்கும் மற்றவள் விழவேண்டும் என்று ஒரு கணம் வரும். எனக்கும் வந்தது. உன் பஸ் பிந்தவேண்டும் என்று நான் நேர்ந்துகொண்டேன்.

ஆனால் நீ குடத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாய், நான் உன்னை நம்பி எழுதின கடிதத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

லொறிச் சாரதி கையெழுத்து வைத்தது இங்கே நாலு பேருக்குத் தெரியும். ஊரில் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்தச் சாரதி அடுத்த கிழமையே விலகித் தன் ஊருக்குப் போய்விட்டான், அவனுக்குத் தர்மபுரம் எங்கே என்றும் தெரியாது. தீபாவளிக்கு மாமி வாய் திறந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. உன் வாயால் வரட்டும் என்றுதான் யார் என்று கேட்டு எழுதினேன். நீ ஒன்றுக்கும் உதவாத பாவத்தைக் கொண்டுவந்து காட்டி, என் வாழ்க்கையைத் தின்ற பாவத்தை மறைத்துவிட்டாய்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பரமலிங்கத்தாருக்கு இழுப்பு கூடிவிட்டது, மார்கழியோடு நிற்கிறார். தெரிந்த பிள்ளை உண்டோ என்று மனேஜர் என்னைக் கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். கணக்கு நல்லாய் வரும், எழுத்து என்னுடையதைவிடத் திறம், பொய் சொன்னால் முகத்தில் தெரியாது என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அன்பினால் சொன்னேன் என்று நினைக்காதே. அந்தக் கதிரையில் நீயும் ஒரு தரம் இருக்க வேண்டும். அந்தக் கேள்வியை அந்த மனுசன் உன்னையும் கேட்க வேண்டும். அதற்காகத்தான் சொன்னேன். அழைப்புக் கடிதம் இதற்குள் இருக்கிறது. 27.12.1962, பத்து மணி.

இராசமலர்


தர்மபுரம்,
2.1.1963

மலருக்கு,

முதலில் கடிதக் கதை. அதை அலுமாரியில் மேல்தட்டில் வைத்தேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது அம்மா சீலை எடுக்கிற தட்டு. மடிக்காமல் வைத்தேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரும் என்று எனக்குத் தெரியும். நான் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை என்று நாலு மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கு இரண்டும் கிடைக்கக்கூடாது, ஒன்று போதும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். இதற்கு மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை.

இருபத்தேழாம் திகதி விடிய, யாரை எதிரே வரச் சொல்ல என்று அம்மா கேட்டா. ஒருவரும் வேண்டாம் என்றேன். ஆனால் படலையைத் திறக்க, அண்ணி இராசேஸ்வரி கிணற்றடியிலிருந்து குடத்தோடு நேரே வந்தா. அவவை ஒருவரும் வரச் சொல்லவில்லை. இடுப்புப் பக்கம் சீலை நனைந்து ஒட்டியிருந்தது, ஒழுங்கை முழுக்கச் சொட்டு. என்னைப் பார்த்து நல்லபடி போய்ட்டு வாங்கோ மச்சாள் என்றா. அந்த இடத்தில் நீ நிற்க வேண்டியவள். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

கந்தோரில் உன்னை வேலையாக ஆலைக்குள் அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். நீயாகத்தான் போயிருப்பாய் என்று எனக்குத் தெரியும். இருபத்தொரு பேர் வந்திருந்தார்கள். எனக்கு முன்னால் போன பிள்ளை, வயது பதினெட்டு இருக்கும், அழுதுகொண்டு வெளியே வந்தாள். அனுபவம் உண்டோ என்று கேட்டார்களாம். நான் உள்ளே போனேன். கணக்குச் செய்தேன். கடிதம் எழுதினேன். மனேஜர் பேனையை மூடினார். நீ எழுதின மாதிரியே மூடினார்.

"பிள்ளைக்குக் கலியாணம் ஏதும் பேசி இருக்கோ?"

"ஓம் ஐயா. தை பதினெட்டுக்கு நாள் வைச்சிருக்கினம். அந்தக் கடதாசியைத் தாங்கோ, இப்பவே எழுதித் தாறன்."

அந்த மனுசன் பைலைத் திறந்து, இதைப் பார்த்து எழுதும் என்று ஒன்றை எடுத்துத் தந்தார். அது உன்னுடையது, மலர். உன் எழுத்து. இல்லை என்று சொல்லி நாக்கு வறண்ட அன்றைக்கு நீ எழுதினது. இரண்டாவது வரியில் ஒரு சொல்லை வெட்டி, மேலே மாற்றி எழுதியிருந்தாய். வெட்டின சொல் பாலன். ஏன் அதை எழுதினாய், ஏன் வெட்டினாய் என்று நான் கேட்கமாட்டேன். உன் பெயர் வருகிற இடத்தில் என் பெயரைப் போட்டு மிச்சத்தைச் சொல்லுக்குச் சொல் பார்த்து எழுதினேன். எனக்கும் சாட்சிக்கு ஒரு லொறிச் சாரதிதான் வந்து கையெழுத்து வைத்தான். நீ ஆசைப்பட்டது நடந்தது.

உன் கலியாணத்தைக் கெடுத்த அந்தக் கடதாசிதான் என் கலியாணத்தை நிற்பாட்டியது. லொறிக்காரனிடம் கையெழுத்து வாங்கின பெண் வேண்டாம் என்று வீரகத்தியர் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை சொல்லியனுப்பிவிட்டார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதா. அப்பா என்னோடு கதைப்பதில்லை. எனக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. அது உன்மேல் விழுந்த கல் என்று தெரிந்தும் இறங்கியது. உன்னிடம் இதை மறைக்கவில்லை.

வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். மேசையைக் காட்டினார்கள், பரமலிங்கத்தாருடையது, உன்னுடையதற்கு நேரே எதிர். வேறு மூலை உண்டோ என்று கேட்டேன். இல்லையாம். இருக்க இடம் கேட்டேன். றோசம்மா அக்கா வீட்டைத்தான் சொன்னார்கள். அங்கே ஒரே ஓர் அறை, அதில் நீ இருக்கிறாய், இன்னொரு பாய் போடலாமாம்.

ஞாயிறு பின்னேர பஸ்ஸில் வருகிறேன். கதவைத் திறப்பதும் விடுவதும் உன் விருப்பம். திறந்தாலும் நீ என்னோடு கதைக்க வேண்டாம். ஆனால் மலர், இனி மூன்று வருசத்துக்கு விடிந்தால் நீ என் முகத்திலும் நான் உன் முகத்திலும்தான் முழிக்க வேண்டும்.

விமலேஸ்வரி